முடிக்க மறுத்த ஜெபமாலை

பங்குக் கோயில் வெளியிட்ட ஆண்டு மலர் உங்கள் கைக்கும் வந்திருக்கும். வழவழ அட்டை. உள்ளே ஆயர் வாழ்த்து, பாடகர் குழுவின் படம், தேருக்கு நன்கொடை தந்தவர்களின் பெயர்கள். நடுப்பக்கத்துக்குச் சற்று முன்னால், கட்டம் கட்டி ஒரு வரி: அந்நாளில் ஊர் மக்கள் தங்களின் பழமையான மாதா சுரூபத்தைக் காலனி மக்களுக்கு அன்பளிப்பாக வழங்கினர்.

இல்லை. யாரும் வழங்கவில்லை. நாங்கள் கையேந்தி வாங்கவும் இல்லை. வைத்துக்கொண்டோம்.

என்னோடு ஒரே வரிசையில் முழங்காலிட்டுப் புதுநன்மையாக முதல் அப்பம் வாங்கியவர்களே, உங்களில் பாதிப் பேர் இப்போது அரியாங்குப்பத்தில் மனை வாங்கி மாடி கட்டிவிட்டீர்கள். சிலர் பிள்ளைகளைச் சேதராப்பட்டு கம்பெனி ஷிஃப்டுக்கு அனுப்பிவிட்டு, தவளக்குப்பம் சிக்னலில் ஸ்கூட்டியை நிறுத்தி மூச்சு வாங்குகிறீர்கள். அந்த வரியை எல்லோரும் படித்தீர்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் படம் பிடித்துப் போட்டார். கும்பிடும் கைகள் வரிசையாக விழுந்தன. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

சரி. நான் திறக்கிறேன்.

ஜெபமாலை மாதம் என்றால் அக்டோபர். சம்பா நடவும் அப்போதுதான், மழையும் அப்போதுதான். ஈரப் பாவாடை, மண்ணெண்ணெய், கனகாம்பரம், உருகிய மெழுகு; அந்த மாதத்தின் வாசனை இந்த நான்கும் கலந்தது. சாயங்காலந்தோறும் மாதா ஒரு வீட்டுக்கு வருவாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றரை முழ உயரத்தில் நிற்கும் மரச் சுரூபம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் வந்தது என்பார்கள். அந்த வீட்டில் ஜெபமாலை சொல்லி, சுண்டல் தின்று கலைவார்கள். மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்காரர்களே அவளைத் தூக்கிக்கொண்டு பாட்டோடு போய் அடுத்த வீட்டில் இறக்குவார்கள். எந்த நாள் எந்த வீடு என்று பட்டியல் எழுதுபவர் உபதேசியார். சாமியாருக்கு அடுத்தபடி கோயில் காரியம் எல்லாம் பார்ப்பவர், எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பட்டியலை வாசிப்பார்.

பட்டியலில் ஊர்த் தெரு வீடுகள் மட்டும்தான். வாய்க்கால் மதகைத் தாண்டினால் எங்கள் காலனி. மாதா மதகைத் தாண்ட மாட்டாள். எங்களுக்குப் படம் வரும். சட்டம் போட்ட படம். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஒரு ஈசல் செத்து ஒட்டிக்கிடக்கும். எங்கள் தெருவில் பத்து வீடு கடந்தாலும் அந்த ஈசலும் கூடவே வரும்.

ஆனால் விளக்கு தூக்க நாங்கள் வேண்டும். பவனிக்கு முன்னால் பெட்ரோமாக்ஸைத் தலையில் வைத்து நடப்பது எங்கள் தெருவின் வேலை. அந்த வருஷம் என் அம்மா. தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் விளக்கு, காதருகே உஸ்ஸென்று இரையும் வெள்ளை நெருப்பு. மாதாவுக்கு வழிகாட்டிக்கொண்டு வாசல்வரை போவாள். வாசலோடு நின்றுகொள்வாள். உள்ளே ஜெபம், வெளியே அம்மாவும் விட்டில் பூச்சிகளும்.

அன்று பவனி ஊர்த் தெருவின் கடைசி வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மதகுக்கு நாலு எட்டு முன்னால் இருக்கும் வீடு. வானம் கறுத்தது தெரிந்தும் பாட்டை நிறுத்தவில்லை. திடீரென்று பிடித்துக்கொண்டது மழை. சூடான விளக்குக் கண்ணாடியில் தண்ணீர் பட்டு அது படீரென்று வெடித்தது. இருட்டு. வெடிச் சத்தத்தில் பெட்டியைச் சுமந்த இரண்டு பேரும் அதை மதகுக் கட்டையில் இறக்கினார்கள். முன்னால் பிடித்தவர், பின்னால் பிடித்தவர் பார்த்துக்கொள்வார் என்று ஓடினார். பின்னால் பிடித்தவரும் அப்படியே நினைத்து ஓடினார். பாடிக்கொண்டிருந்தவர்கள் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு திசைக்கொருவராக ஓடினார்கள். அத்தனை பக்தியும் ஒரு மழைக்குத் தாங்கவில்லை.

நின்றது அம்மா மட்டும். அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நான்.

"அடியே, மாதா நனையிறாடி" என்றாள். செத்த விளக்கை இறக்கி வைத்தாள். சும்மாட்டைப் பிழிந்து மறுபடி தலையில் வைத்தாள். "ஒரு கை குடு" என்றாள். கொடுத்தேன். விளக்கு இருந்த இடத்தில் மாதா ஏறினாள். மதகைத் தாண்டியதை நான் என் கால்களால் உணர்ந்தேன். அந்தப் பக்கம் கப்பி ரோடு, இந்தப் பக்கம் சேறு.

வீட்டுக்குள் அரிசிப் பானையை நகர்த்தி, அந்த இடத்தில் பலகை போட்டுப் பெட்டியை வைத்தாள். அப்பாவுக்கு மில்லில் ஷிஃப்ட். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். அகல் விளக்கை ஏற்றிக் கிட்டே வைத்து முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"தூரத்துல இருந்து பாத்து ஒண்ணும் தெரியல. இவளுக்கும் மூக்கு ஒடைஞ்சிதான் இருக்குது" என்றாள்.

பிறகு முழங்காலிட்டுச் சிலுவை போட்டாள். மாதா இறங்கிய வீட்டில் ஜெபமாலை சொல்லாமல் விடக் கூடாது அல்லவா? பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓட்டைக் குடைகளோடும் கோணிப்பைகளோடும் வந்து நிறைந்தார்கள். கூரை ஒழுகுமிடத்தில் சட்டி வைத்தோம். மணிக்கு ஒரு ஜெபம்; அதன் முன்பாதி அம்மா சொல்ல, பின்பாதி எல்லோரும் சொன்னோம்.

மழை விட்டதும் ஊர்த் தெரு ஆட்கள் டார்ச் லைட்டோடு வந்தார்கள். எங்கள் வாசல்வரை வந்தார்கள். அதற்குமேல் வரவில்லை. எங்கள் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை என்பது அவர்கள் வைத்த சட்டம். அன்று அந்தச் சட்டம் அவர்கள் காலையே கட்டிப்போட்டது.

"யாரு உள்ள? மாதாவ வெளிய எடுத்தாந்து வை!"

பின்பாதியை மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருக்க, அம்மா திரும்பாமலே சொன்னாள்: "ஜெபம் நடக்குதுங்க."

டார்ச் லைட்டுகள் தாழ்ந்தன. காரணம் உபதேசியார். ஆரம்பித்த ஜெபத்தை அறுக்கக் கூடாது, ஜெபம் நடக்கும்போது மாதாவை நகர்த்தக் கூடாது என்று ஊர்ப் பிள்ளைகளுக்கும் காலனிப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடம் நடத்தியிருந்தார். நடு ஜெபத்தில் பெட்டியைத் தொட்ட ஒருத்தனுக்குக் கை மரத்துப்போன கதையை அவர் சொல்லும்போது தன் கையையே தொங்கவிட்டுக் காட்டுவார். பயந்து போவோம்.

ஐம்பத்துமூன்று மணி முடிந்தது. வெளியே செருப்புகள் நகர்ந்தன. அம்மா ஒரு மூச்சு இழுத்து அடுத்த பத்து மணிக்கான தேவ ரகசியத்தைத் தொடங்கினாள்.

"எம்மோவ், முடிஞ்சிட்டுதே" என்று கிசுகிசுத்தேன்.

"யாருடி சொன்னா? நூத்தம்பத்திமூணு மணி ஜெபமாலை சொல்றோம்."

அதுவும் முடிந்தது. அம்மா மறுபடி முதல் மணியைப் பிடித்தாள். அப்போதுதான் வீட்டுக்குள் இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி புடவையை இழுத்துச் செருகி நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வாசலில் கொசு பிடுங்க நின்றவர்கள், "காலைல வர்றோம்" என்று போனார்கள்.

காலையில் வந்தார்கள். ஜெபம் நடந்துகொண்டிருந்தது.

முறை போட்டுக்கொண்டோம். முன்பாதிக்கு ஒருத்தி, பின்பாதிக்கு ஒருத்தி. தொண்டை கட்டினால் ஆள் மாறும், ஜெபம் மாறாது. கஞ்சி குடிக்கிறவள், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள், நடவுக்குக் கிளம்புகிறவள் எல்லோரும் அந்தச் சத்தத்துக்கு நடுவே நடமாடினார்கள். மழைத் தவளைகளுக்கும் எங்களுக்கும் போட்டி.

இரண்டாம் நாள் காலை சிஸ்டர் சைக்கிளில் வந்தார். எங்களுக்கு மாலை வகுப்பு எடுத்தவர், பெண்களுக்குச் சங்கம் வைத்தவர், ஆணுக்குள்ள கூலி பெண்ணுக்கும் வேண்டுமென்று கழனிக் கழனியாகப் போய்ப் பேசியவர். அங்கியின் ஓரமெல்லாம் சேறு. அம்மாவை வெளியே கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒரு மரச் சிலைக்கா இவ்ளோ? கூலிக்குப் பேசிக்கிட்டிருக்கோம், மனைப் பட்டாவுக்கு மனு குடுத்திருக்கோம். இப்ப இதுல சண்டை வந்தா எல்லாமே கெட்டுடும்."

அம்மாவின் குரல் அதற்குள்ளேயே கம்மிப்போயிருந்தது. "கூலி கொறைச்சிக் குடுத்தா இன்னாரு திருடன்னு தெரியுது சிஸ்டர். நிக்க வெச்சிக் கேக்குறோம். மாதா மதகோட திரும்பிப் போறாளே, அதுக்கு யாரத் திருடன்னு சொல்றது? அவளையேவா?"

சிஸ்டர் சைக்கிள் பெல்லைத் தேய்த்துக்கொண்டு நின்றார். எங்கள்மேல் அவ்வளவு அன்பு வைத்தவர், எங்கள் வயிற்றை அவ்வளவு துல்லியமாக அறிந்தவர். ஆனால் கூலி வேறு, சுரூபம் வேறு என்று அதுவரை நம்பியிருந்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"எனக்கு எந்தப் பாதி?" என்று கேட்டார்.

பின்பாதி கொடுத்தோம். பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதமே அவருக்கு மாற்றல் வந்தது. அதை எந்த மலரும் கட்டம் கட்டிப் போடவில்லை.

அன்று பகலில் நடவுக் கழனிக்கு நாட்டாண்மை வந்தார். கோயில் நாட்டாண்மையும் அவர்தான், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பாதி நிலமும் அவருடையதுதான். வரப்பில் நின்று குடையைத் தரையில் குத்தினார்.

"நாளைக்குள்ள மாதா ஊருக்கு வரலன்னா எவளும் என் கழனில கால் வெக்கக் கூடாது!"

அம்மா நிமிரவில்லை. கையிலிருந்த நாற்று முடியை அவிழ்த்தபடி சொன்னாள்: "வெக்கலைங்க. நாத்துக்கு ஏற்கெனவே நாள் ஆயிட்டுது. இன்னும் நாலு நாள்ல முத்திப்போவும். நீங்களும் உங்க பசங்களும் எறங்கி நட்டுக்கோங்க."

பக்கத்திலிருந்தவள், "பேன்ட்ட மட்டும் மடிச்சி வுட்டுக்கோங்க, அட்டை கடிக்கும்" என்றாள். நடவு வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. நாட்டாண்மை நாற்றங்காலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், போய்விட்டார். மறுநாளும் அதே கழனியில் அதே பெண்கள்தான் நட்டார்கள்.

அந்த மறுநாள், அதாவது மூன்றாம் நாள், பிற்பகலில் ஜெபம் பிள்ளைகளாகிய நம் கையில் இருந்தது. நினைவிருக்கிறதா? உங்களில் எட்டுப் பேர் என்னோடு உட்கார்ந்தீர்கள். மழை விட்டு வெயில் அடித்ததும் வாய்க்காலில் கெளுத்தி மீன் ஏறுகிறது என்று யாரோ ஒருத்தன் கத்தினான். எட்டுப் பேரும் ஓடிப்போனீர்கள். நான் குற்றம் சொல்லவில்லை. கெளுத்தி கெளுத்திதான். ஆனால் முன்பாதியோடு நான் தனியாக இருந்தேன்.

பின்பாதி வெளியிலிருந்து வந்தது.

எங்கள் தெருவுக்குத் துணி வெளுக்கும் வீட்டுப் பெண். என் வயதுதான். காலனியின் கோடியில், குப்பைமேட்டைத் தாண்டி அவர்கள் வீடு. நடவுக்கு அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. அழுக்குத் துணி எடுக்க வந்தவள், கூரை விளிம்புக்குக் கீழே மூட்டையை வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, கேட்காமலே பதில் சொல்லத் தொடங்கினாள். கணீரென்ற குரல். ஒரு மணி நேரத்துக்குமேல் நானும் அவளும்தான். நான் உள்ளே, அவள் வெளியே. கூரைத் தண்ணீர் அவள் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வாடி என்று நான் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்றே தோன்றவில்லை. எங்கள் வீடுகளுக்குள் அவர்கள் வருவதில்லை. அது மழை மேலிருந்து விழுவதைப்போல எனக்கு இயல்பாக இருந்தது.

திடீரென்று அவள் குரல் நின்றது. எட்டிப் பார்த்தேன். மூட்டை கிடந்தது, அவள் இல்லை. மதகுப் பக்கமிருந்து மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள். சாமியார், நாட்டாண்மை, உபதேசியார்.

பயந்து ஓடிவிட்டாள் என்று நினைத்தேன்.

சாமியார் குனிந்து உள்ளே வந்தார். அவர் கெட்டவர் இல்லை. எதற்கும் படிப்படியாகத்தான் என்பார். முதல் படியில் அவர் கால் வைத்து நான் பார்த்ததில்லை. மூக்குப்பொடி வாசனை அகல் புகையோடு கலந்தது.

"யாரும் இல்லியாம்மா? நீ மட்டுமா? சரி கண்ணு, இந்தப் பத்து மணியோட முடிச்சிடு. நான் ஆசீர்வாதம் குடுத்துடறேன். அதோட சரியாப்பூடும்."

குருவின் ஆசீர்வாதம் விழுந்தால் ஜெபம் முடிந்தது என்று அர்த்தம். முடிந்த நிமிஷமே மாதாவைத் தூக்கலாம். கை மரத்துப்போகாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு பத்து மணியையும் ஒவ்வொன்றாக நெட்டித் தள்ளினேன், இரண்டு பாதியையும் நானே சொல்லி. பத்தாவது மணி வந்தது. சாமியார் கையை உயர்த்துவதைக் கண்ணிடுக்கில் பார்த்தேன். நிற்கவில்லை. அடுத்த பத்தின் முதல் மணியைப் பிடித்து முன்பாதியைக் கத்தினேன்.

"ஏய்! சாமியார் சொல்றாருல்ல?" வெளியிலிருந்து நாட்டாண்மை.

முன்பாதியின் கடைசிச் சொல்லில் என் தொண்டை அடைத்துக்கொண்டது. மூன்று நாள் கத்தியது. காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. பின்பாதி சொல்ல ஆள் இல்லை. வீடு ஓய்ந்தது. மூன்று நாளில் முதல் தடவையாக அந்த வீட்டில் சத்தம் இல்லை. சாமியாரின் கை மேலே எழுந்தபடி இருந்தது.

அப்போது வாசலில் இருந்து, மூக்கடைத்த, சீராக இழுத்துச் சொல்லும், எல்லோருக்கும் பழக்கமான குரலில் பின்பாதி வந்தது. பழைய ஜெபப் புத்தகத்தில் உள்ளபடி, ஒரு சொல் பிசகாமல்.

உபதேசியார்!

காலமெல்லாம் அடுத்தவர் நிறுத்திய இடத்தில் தொடங்கியே பழகிய வாய். முன்பாதி முடிந்து வெறும் நிசப்தம் நீடித்தால் அதனால் தாங்க முடியாது. ஆமென் வரைக்கும் சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது.

"யோவ், நீ எதுக்குய்யா பதில் சொல்ற?" என்றார் நாட்டாண்மை.

"வாயி தானா வந்துட்டுதுங்க."

"கம்முனு இருய்யா!"

எனக்குக் குரல் திரும்பிவிட்டது. அடுத்த மணி. முன்பாதி சொல்லி நிறுத்தினேன். நிறுத்திவிட்டு உபதேசியாரையே பார்த்தேன். உதடுகளை அழுத்தி மூடிக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன். பத்து வயதில் எனக்குக் கிடைத்த அதிகாரம் அது ஒன்றுதான், முழுதாக அனுபவித்தேன். கடைசியில் அவர் வெயிலுக்கு விரித்த குடையை மடக்கி வாசற்படியில் வைத்து, முழங்காலிட்டு, நாட்டாண்மையைப் பார்க்காமலே பின்பாதியைச் சொன்னார். சாமியாரின் கை மெல்ல இறங்கியது.

அந்தப் பத்து முடிவதற்குள் தெரு அதிர்ந்தது. நடவுப் பெண்கள். முழங்கால்வரை சேறு, கையில் கட்டவிழ்க்காத நாற்று முடிகள், இழுத்துச் செருகிய புடவை. அவர்களுக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு, துணி வெளுக்கும் வீட்டுப் பெண். அவள் பயந்து ஓடவில்லை. மூன்று வாய்க்கால் தாண்டி, நாட்டாண்மையின் கழனிக்கே போய், அவர்களைக் கூட்டி வந்திருந்தாள்.

அம்மா உள்ளே வந்து என் கையிலிருந்து ஜெபமாலையை வாங்கி இன்னொருத்தியிடம் கொடுத்தாள். ஜெபம் மெல்லிய குரலில் தொடர்ந்தது. அம்மா சாமியாரின் முன்னால் நின்றாள்.

"தோத்திரம் சாமி."

"இன்னாம்மா வேணும் உங்களுக்கு?"

"பட்டியல்ல எங்க தெருவயும் எழுதுங்க. எத்தினி வூடோ அத்தினி நாளு. எழுதிட்டா இந்த நிமிசமே ஆமென் சொல்லிடறோம்."

சாமியார் நாட்டாண்மையைப் பார்த்தார். நாட்டாண்மை அம்மாவின் கையிலிருந்த நாற்று முடியைப் பார்த்தார். அவர் நாற்று. கழனியில் பாதி இன்னும் நடாமல் கிடந்தது. "எழுதித் தொலை" என்று உபதேசியாரிடம் சொன்னார்.

உபதேசியார் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். அம்மா வீடு வீடாகச் சொல்லச் சொல்ல எழுதினார். இருபத்துமூன்று வந்தது. "அவ்ளோதான்" என்றாள் அம்மா.

கூரை விளிம்புக்குக் கீழே அந்தத் துணி வெளுக்கும் வீட்டுப் பெண் நின்றிருந்தாள். கால் முழுக்க முள் கீறி ரத்தம். அவள் முகத்தில் ஏமாற்றம்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இன்னொரு வூடு இருக்குதும்மா" என்றேன்.

"எந்த வூடு?"

கையை நீட்டிக் காட்டினேன்.

அம்மாவின் முகம் சுருங்கியது. "கம்முனு கெட. அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"அவதாம்மா பின்பாதி சொன்னா. அவதான் வந்து உங்கள கூப்ட்டா."

"வாய மூடுடின்றேன்!" அடி விழுந்தது. கன்னத்தில் நடவுச் சேறு ஒட்டிக்கொண்டது.

நாட்டாண்மை சிரித்தார். அந்த வருஷமெல்லாம் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "கேளுங்க சாமி! இவளுங்களே ஒரு வூட்ட வெளிய வெச்சிருக்காளுங்க. நம்பளக் கேள்வி கேக்க வந்துட்டாளுங்க."

நான் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவளிடமிருந்து ஜெபமாலையைப் பிடுங்கினேன். மாதாவின் முன்னால் உட்கார்ந்து முன்பாதியைச் சொன்னேன். இம்முறை என் அம்மாவுக்கு எதிராக. யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த மணிக்கும் முன்பாதியை மட்டும் சொன்னேன். அதற்கு அடுத்ததற்கும். உபதேசியாரின் பேனா காகிதத்தின்மேல் நின்றது.

அம்மா நாட்டாண்மையின் சிரிப்பைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கால்களைப் பார்த்தாள்.

"இருபத்திநாலு. எழுதுங்க உபதேசியாரே."

அவளுக்கு வந்தது அன்பு இல்லை, ரோஷம். இன்று தெரிகிறது. இருக்கட்டும். ரோஷத்தில் எழுதிய பெயரும் எழுதிய பெயர்தான்.

அன்று சாயங்காலம் ஆமென் சொன்னோம். மாதா எங்கள் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போனாள். நாளுக்கொரு வீடு. அக்டோபர் முடிந்து நவம்பர் பிறந்தும் அவள் எங்கள் தெருவிலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். ஊர்த் தெருவுக்குப் பொறுமை போனது. காலனி வீடுகளில் படுத்தெழுந்த மாதா இனி எங்களுக்கு எதற்கு என்று டவுனில் புதுச் சுரூபத்துக்குச் சொன்னார்கள். ஆள் உயரம், தலையைச் சுற்றிப் பல்பு. அதுதான் அந்த அன்பளிப்பின் கதை. மலரில் அந்த வரியைப் போட்டவர்கள் இதையும் தாராளமாகக் கட்டம் கட்டிப் போடட்டும்.

இருபத்துநாலாவது நாள் சாயங்காலம் குப்பைமேட்டைத் தாண்டிப் பவனி போனது. தெரு முழுக்க வந்தது, பாடிக்கொண்டே வந்தது. அந்த வீட்டு வாசலில் பாட்டு தானாக அடங்கியது. வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். உள்ளே எங்கள் வீட்டுத் துணிகளை மடித்து ஓரமாக அடுக்கி, நடுவில் வெளுத்த வேட்டி விரித்த பலகை. ஒரு குண்டான் நிறையச் சுண்டல். கொண்டுபோய் இறக்குகிறவர்கள் உள்ளே உட்கார்ந்து ஜெபம் சொல்லிச் சுண்டல் தின்ன வேண்டும். வழக்கம் அப்படி.

முந்தைய வீட்டுக்காரர்கள் பின்வாங்க, பெட்டியைச் சுமந்தவள் அம்மா. அவள் உள்ளே போனாள். இறக்கினாள். இறக்கிவிட்டு வெளியே வந்து வாசலோடு நின்றுகொண்டாள். ஊர்த் தெருவில் விளக்கோடு நிற்பாளே, அதேபோல. மற்றவர்களும் நின்றார்கள். ஒருத்தி, "அடுப்புல ஒல வெச்சிட்டு வந்துட்டேன்" என்றாள்.

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் அம்மா என் பெயரை ஒருமுறை கூப்பிட்டாள். திரும்பவில்லை. குண்டானில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துத் தின்றேன். உப்பு கொஞ்சம் தூக்கல். இன்னொரு பிடியும் எடுத்தேன்.

அந்த வீட்டுப் பெண் சிலுவை போட்டாள். கூரை விளிம்புக்குக் கீழே உட்கார்ந்து பின்பாதி மட்டும் சொன்னவள், அன்று தன் வீட்டில், தன் மாதாவின் முன்னால் முன்பாதியைச் சொன்னாள். எங்கள் தெருவின் கடைசி ஆள்வரைக்கும் கேட்கும்படி சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்தி, தலையைத் திருப்பி, வாசலில் நின்ற எல்லோரையும் பார்த்தாள்.

நான் பதில் சொன்னேன். கொஞ்சம் தாமதித்து அம்மாவின் கம்மிய குரல், வாசலில் நின்றபடியே. அப்புறம் அங்கங்கே சில குரல்கள். எண்ணினேன். பதினொன்று.

தெருவில் அன்று எழுபது பேருக்குமேல் நின்றார்கள். உங்களில் யார் யார் வாய் திறந்தீர்கள், யார் யார் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.